எல்லை அறியாப் புகை

பாடம் 6 – உரைநடை

நுழையும்முன்

வேலையை முன்னிட்டு ஊர்விட்டு ஊர் செல்வோர் மக்கள் மட்டும் அல்லர். நிலக்கரி தொடர்வண்டியிலும் கப்பலிலும் பயணம் செய்கிறது. மின்சாரம் கம்பிவழியே மாநிலங்களைக் கடக்கிறது. அவ்வாறாயின், மின்சாரம் பிறக்கும்போது எழும் வாயுக்களுக்கு எந்த மாநிலம் பொறுப்பேற்பது? பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்க ஒரு மாநில அரசு எவ்வாறு திட்டமிடுகிறது, அத்திட்டத்தில் எவ்விடத்தில் சிக்கல் எழுகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

விசிறி சுழலும் இரவு

தில்லியில் ஒரு ஜூன் மாத இரவு. பகலின் வெப்பம் இன்னும் சுவரைவிட்டு இறங்கவில்லை. நான்காம் தளத்துக் குடியிருப்பில் மின்விசிறி சுழல்கிறது. குளிர்பதனப் பெட்டி மெல்ல முனகுகிறது. மேசைமேல் கைப்பேசி மின்னேற்றம் பெறுகிறது. சாளரத்தைத் திறந்து பார்த்தால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி எதுவும் கண்ணில் படாது. யமுனைக் கரையில் இருந்த இந்திரப்பிரஸ்த நிலையம், அதன்பின் ராஜ்காட் நிலையம், இறுதியாக 2018 அக்டோபரில் பதர்பூர் நிலையம் என ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. நகரின் காற்று மாசு தாங்கவியலாத நிலையை அடைந்ததே அதற்குப் பெருங்காரணம். இன்று தில்லியின் எல்லைக்குள் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையம் ஒன்றுகூட இல்லை.

ஆயினும் விசிறி சுழல்கிறது. உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியிலிருந்தும், அரியானாவின் ஜஜ்ஜரிலிருந்தும், அவற்றினும் தொலைவிலுள்ள நிலையங்களிலிருந்தும் தில்லிக்கு மின்சாரம் வருகிறது. நிலக்கரி அங்கே எரிகிறது. சாம்பல் அங்கே குவிகிறது. காற்று இங்கே வீசுகிறது. ஒருவர் வீட்டு அடுப்பில் சமைத்ததை அடுத்த வீட்டார் உண்டால், அடுப்புக் கரியை எவர் துடைப்பது?

கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காணாமல், எந்த மாநிலமும் தன் கணக்கின் முதல் வரியைக்கூட எழுத இயலாது.

கண்ணுக்குப் புலப்படாத போர்வை

கதிரவனின் ஒளி புவியைச் சூடாக்குகிறது. சூடான புவி அவ்வெப்பத்தை மீண்டும் வெளியே அனுப்புகிறது. வளிமண்டலத்தில் உள்ள சில வாயுக்கள் அவ்வெப்பம் முழுதும் தப்பிச் செல்லாதவாறு தடுத்து வைக்கின்றன. ஓசூரில் ரோசா மலர் வளர்க்கும் குடில்களைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒளி உள்ளே வரும். வெப்பம் எளிதில் வெளியேறாது. அதனால் இவை பசுமைக்குடில் வாயுக்கள் எனப் பெயர் பெற்றன.

இவ்வாயுக்கள் முற்றிலும் தீயன என்று கருதுவது பிழை. இவை அறவே இல்லாதிருந்தால் புவியின் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 18 பாகையாக இருந்திருக்கும். கடலும் உறைந்திருக்கும். போர்வை தேவையே, அது நாளுக்குநாள் தடிமனாவதுதான் இடர். தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரித்ததும் காடுகளை அழித்ததும் இதற்கு முதன்மைக் காரணங்கள்.

நெல்வயல், கால்நடை, குப்பைமேடு ஆகியவற்றிலிருந்து மீத்தேன் எழுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மிகுதியாக இடப்படும் தழைச்சத்து உரங்களிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எழுகிறது. அதன் ஆற்றல் 260 மடங்குக்கும் மேல். இவ்வாறு வேறுபட்ட வாயுக்களை ஒரே அளவுகோலால் அளப்பதற்காகவே, ‘கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான டன்’ என்னும் அலகு பயன்படுகிறது. வெவ்வேறு நாட்டுப் பணத்தையெல்லாம் ரூபாயாக மாற்றி எழுதுவது போன்றது இது.

பாடத்தின் தலைப்பில் உள்ள ‘புகை’ என்னும் சொல்லைக் குறித்து ஓர் எச்சரிக்கை. கண்ணில் படும் கரும்புகை தூசியும் கரியும் கலந்தது. பசுமைக்குடில் வாயுவோ நிறமற்றது; மணமற்றது. வானம் தெளிந்திருப்பதாலேயே உமிழ்வு இல்லை என்று முடிவு செய்தல் கூடாது.

ஒரு வீட்டின் கணக்கு

பெருநகரக் குடியிருப்பில் வாழும் நால்வர் அடங்கிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதத்திற்கு 200 யூனிட் மின்சாரம், இருசக்கர வண்டிக்கு 20 லிட்டர் பெட்ரோல், சமையலுக்கு 14.2 கிலோ எடையுள்ள எரிவாயு உருளை ஒன்று எனச் செலவாகின்றன. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆகவே மின்சாரத்தால் 140 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, ஆகவே 46 கிலோ. ஓர் உருளை எரிவாயுவால் ஏறத்தாழ 42 கிலோ. மொத்தம் மாதத்துக்கு 228 கிலோ. ஆண்டுக்கு 2,736 கிலோ. நால்வருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 684 கிலோ, அதாவது முக்கால் டன்னுக்கும் குறைவு.

ஆனால், இந்தியாவில் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு கணக்காகிறது. எஞ்சியது எங்கே போயிற்று? அது வீட்டுச் சுவரின் சிமெண்டில் இருக்கிறது. இரும்புக் கம்பியில் இருக்கிறது. தொழிற்சாலையில், சரக்குந்தில், தெருவிளக்கில், குடிநீரை மேலேற்றும் இயந்திரத்தில் இருக்கிறது. தேவையற்ற விளக்கை அணைப்பது நற்பழக்கம், ஐயமில்லை. எனினும், சிமெண்ட் ஆலையின் உலையை எந்தக் குடும்பமும் தன் வீட்டுப் பொத்தானால் அணைக்க முடியாது. தனிமனிதரின் கை எட்டாத இப்பெரும்பகுதிக்காகவே அரசின் திட்டம் வேண்டியுள்ளது. பள்ளிகளில் எழுதப்படும் சுற்றுச்சூழல் கட்டுரைகள் பல ‘விளக்கை அணைப்போம், மரம் நடுவோம்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அவை பாதிக் கணக்கே.

நாடு எடுத்த உறுதியும் மாநிலத்தின் கையும்

2008ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இந்திய அரசு எட்டு இயக்கங்கள் அடங்கிய தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. அதற்கடுத்த ஆண்டில், ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனக் காலநிலைச் செயல்திட்டம் ஒன்றை வகுக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழியம் என்னும் நிலையை அடைவதாக இந்தியா அறிவித்தது. வெளிவிடும் வாயுவின் அளவும், காடு முதலியவற்றால் உறிஞ்சப்படும் அளவும் ஒன்றுக்கொன்று ஈடாகும் நிலையே நிகரச் சுழியம். 2070க்கு முன்னரே அந்நிலையை எட்டுவதாகத் தமிழ்நாடு கூறியுள்ளது. கேரளம் 2050ஐ இலக்காகக் கொண்டுள்ளது.

இலக்கைச் சொல்லுதல் யார்க்கும் எளிது. மாநில அரசின் கையில் என்னென்ன உள்ளன என்று பார்க்க வேண்டும். வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது. மின்சாரமும் காடுகளும் பொதுப் பட்டியலில் உள்ளன. தொடர்வண்டித் துறையும் அணு ஆற்றலும் ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. ஒரு மாநிலத்தின் நடுவே பெரிய அனல் மின் நிலையம் இருக்கலாம். ஆனால் அது மத்தியப் பொதுத்துறை நிறுவனத்துக்கு உரியதாயின், அதை எப்போது மூடுவது என்று மாநிலம் தனித்து முடிவு செய்ய இயலாது. நகரப் பேருந்து, கட்டட விதி, மின் பகிர்மானம், வயலுக்கு நீர் விடும் முறை, குப்பை மேலாண்மை ஆகியவற்றிலேயே மாநிலத்தின் கை நேரடியாக எட்டும்.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. இப்பணிகளை நடத்துவதற்கெனப் பசுமைக் காலநிலை நிறுவனம் என்னும் தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. முதலமைச்சர் தலைமையில் ஆட்சிமன்றக் குழுவும், மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் மாவட்ட இயக்கமும் அமைந்தன. காடு மற்றும் மரங்களின் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. இவ்வகைத் திட்டத்தில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையே செய்திகளில் பேசப்படும். கணக்கில் சேர வேண்டியதோ, பத்தாண்டுக்குப் பின்னும் வேரூன்றி நிற்கும் மரங்களின் எண்ணிக்கை.

காற்றுக்கு ஒரு காலம்

விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கோ கன்னியாகுமரிக்கோ தொடர்வண்டியில் செல்லும் குழந்தைகள், ஆரல்வாய்மொழியை நெருங்கியதும் சாளரத்தின் பக்கம் முண்டியடிப்பதுண்டு. மலையடிவாரம் முழுவதும் வெள்ளைக் காற்றாலைகள். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை திறந்துவைத்த வாயில்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயில்களில் நெருக்குண்டு விரைந்து பாய்கிறது.

1986ஆம் ஆண்டு நம் நாட்டின் தொடக்கக்காலக் காற்றாலைகள் குஜராத்தின் ஓகா, மகாராட்டிரத்தின் ரத்னகிரி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரை ஆகிய இடங்களில் நிறுவப்பட்டன. அப்போது ஒரு காற்றாலையின் திறன் 55 கிலோவாட் மட்டுமே. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்த நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. நெடுங்காலம் நாட்டில் முதலிடம் வகித்த தமிழ்நாட்டை அண்மையில் குஜராத் முந்தியது. காற்று நன்கு வீசும் இடங்களையெல்லாம் பழைய சிறு காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம். 2,200 கிலோவாட் திறனுள்ள புதிய காற்றாலை ஒன்று, அக்காலத்துக் காற்றாலைகள் நாற்பதுக்கு ஈடாகும். பழையவற்றை அகற்றிப் புதியன நிறுவுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்டது.

ஆனால், காற்று நம் விருப்பத்துக்கு ஏற்ப வீசுவதில்லை. ஆடிக்காற்றில் மிகுதியாகக் கிடைக்கும் மின்சாரம் மார்கழியில் கிடைக்காது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையமும், மாலையில் வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் உறங்கிவிடுகிறது. காற்று மிகுந்த நாள்களில், மின்கட்டமைப்பு தாங்காதென்று காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்ந்த காலமும் உண்டு. ஆகவே, சேமிப்பு வேண்டும். அறுவடைக் காலத்து நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோல மின்சாரத்தைச் சேர்க்க முடியுமா?

முடியும் என்பதற்குக் கோவை மாவட்டத்துக் காடம்பாறையே சான்று. தேவை குறைந்த நேரத்தில் மிகுதியாக உள்ள மின்சாரத்தைக் கொண்டு, கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்தின் நீரை மலைமேல் உள்ள காடம்பாறை நீர்த்தேக்கத்துக்கு ஏற்றுகின்றனர். தேவை மிகும் மாலையில் அந்நீரையே கீழே பாயவிட்டு மின்சாரம் எடுக்கின்றனர். நீர் அங்கே குதிராகப் பயன்படுகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து இயங்கும் இந்நிலையத்தின் திறன் 400 மெகாவாட். ஏற்றுவதற்குச் செலவான மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இழப்பாகும். அவ்விழப்பை ஏற்றுக்கொண்டாவது இத்தகைய நிலையங்களைப் பெருக்க வேண்டியுள்ளது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் திறனில் இத்தகைய மற்றொரு திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

வயலில் ஒரு கணக்கு

நெல்வயலில் நீர் இடைவிடாது தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. திருந்திய நெல் சாகுபடியில், நீரைக் கட்டி நிறுத்தாமல், மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றியபின் மீண்டும் பாய்ச்சுவர். உழவர் வழக்கில் இதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர். நீரைச் சிக்கனப்படுத்தவே இம்முறை பரவியது. இதனால் மீத்தேனும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையக்கூடும் என்பது பின்னர் உணரப்பட்டது. ஆனால், காய்ந்த வயலில் உரத்தை மிகுதியாக இட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடிவிடும். ஒன்றைக் குறைக்கப்போய் மற்றொன்றைக் கூட்டிவிடாதபடி பார்த்துக்கொள்வதும் திட்டத்தின் வேலை. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் வரும் ஊரில், தன் வயலைக் காயவிட உழவர் அஞ்சுவது இயல்பே. அடுத்த முறை தண்ணீர் வாராது போனால் என் செய்வது? உறுதியான நீர்வரத்து இல்லாத இடத்தில் அறிவுரை மட்டும் பயிரைக் காக்காது.

கம்பிவழிப் பயணம்

மீண்டும் முதல் வினாவுக்கு வருவோம்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், கருநாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராட்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் உயர் அழுத்த மின்பாதை இயங்கத் தொடங்கியது. அன்றுமுதல் தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே கட்டமைப்பாக ஒன்றிணைந்தது. அதற்கு முன்பே, ஒடிசாவின் தால்சேரிலிருந்து கருநாடகத்தின் கோலார் வரை 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நேர்மின்னோட்டப் பாதை தெற்குக்கு மின்சாரம் கொணர்ந்தது. பின்னர், சத்தீசுகரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை, 6,000 மெகாவாட் திறனுள்ள மற்றொரு பாதை அமைந்தது. இதன் நீளம் ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர். தால்சேர்ச் சுரங்கங்களின் நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து சேர்கிறது.

எனவே, மதுரையில் ஒரு பாட்டி மாவரைக்கும்போது சத்தீசுகரின் நிலக்கரி எரியலாம். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் காற்று வடமாநிலத்து வீட்டுக்கு விளக்கேற்றவும் செய்யலாம். கம்பியில் கலந்தபின் இது எவ்வூர் மின்சாரம் என்று பிரித்தறிய இயலாது.

கணக்கு எழுதுவதற்கு இரு வழிகள் உள்ளன. எந்த மாநிலத்தில் எரிந்ததோ அம்மாநிலத்தின் கணக்கில் எழுதுவது ஒன்று. எந்த மாநிலத்தில் மின்சாரம் பயன்பட்டதோ அதன் கணக்கில் எழுதுவது மற்றொன்று. முதல் முறைப்படி தில்லியின் கணக்கில் மின் உற்பத்திக்கான நிலக்கரி ஏறக்குறைய இல்லாமற் போகும். சத்தீசுகர், ஒடிசா, சார்க்கண்ட் ஆகியவற்றின் கணக்கு வீங்கும். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவரையே அடுப்புக் கரிக்கும் பொறுப்பாக்குவதற்கு இது ஒப்பாகும். இரண்டாம் முறை நேர்மையானது. ஆனால் அளப்பது கடினம். மும்பை மாநகராட்சி 2022இல் தன் காலநிலைத் திட்டத்தை வெளியிட்டபோது, நகருக்கு வெளியே உற்பத்தியாகி நகருக்குள் பயன்படும் மின்சாரத்தின் உமிழ்வையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதன் விளைவாக, மொத்த உமிழ்வில் 72 விழுக்காடு ஆற்றல் துறையைச் சேர்ந்ததாக வெளிப்பட்டது. போக்குவரத்துக்கு 20 விழுக்காடு; கழிவுக்கு 8 விழுக்காடு. தன்னைக் குறைத்துக் காட்டும் வழி இருந்தும் அதைத் தேர்ந்தெடுக்காதது பாராட்டத்தக்கது. மாநிலங்களும் இரு கணக்குகளையும் அருகருகே வெளியிடுமாயின், யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்னும் வழக்கு பாதியளவேனும் தீரும்.

உலை அணையும்போது

இக்கணக்குகளுக்கெல்லாம் பின்னே மனிதர் உள்ளனர். நிலக்கரியைக் குறைப்பது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்நிலக்கரியை வெட்டுவோரும், ஏற்றுவோரும், கொதிகலனைக் காப்போரும், அனல் மின் நிலையத்து வாயிலில் தேநீர் விற்போரும் அந்த ஒரு வரிக்குள் அடங்குவர். கோர்பாவிலும் சிங்ரௌலியிலும் தால்சேரிலும் உள்ள பணியாளர் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. அக்குடியிருப்பில் வளரும் குழந்தை இப்பாடத்தைப் படிக்கும்போது, ‘அப்பா செய்யும் வேலை தவறானதா?’ என்று கேட்கக்கூடும். தவறன்று. நாட்டின் மருத்துவமனைகளும் பள்ளிகளும் அவ்வேலையால்தான் இத்தனை ஆண்டுகள் ஒளி பெற்றன. மாறவேண்டியது எரிபொருள். அம்மாற்றத்தின் சுமை தொழிலாளியின் தோளில் மட்டும் இறங்கக்கூடாது என்பதுதான் சிக்கல்.

நெய்வேலியில் 1962இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய 600 மெகாவாட் திறனுள்ள முதல் அனல் மின் நிலையம், அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைத்து 2020இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை நிரப்பியது 1,000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம். அதுவும் பழுப்பு நிலக்கரியையே எரிக்கிறது. ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரி, ஒரு யூனிட்டுக்குச் சாதாரண நிலக்கரியைவிட மிகுதியான வாயுவை வெளிவிடும். புதிய கொதிகலன் பழையதைவிடச் சிக்கனமானது என்பது உண்மை. புதிய நிலையம் ஒன்று இன்னும் பல பத்தாண்டுகள் எரியும் என்பதும் உண்மை. அதே நிறுவனம் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் 1,000 மெகாவாட்டுக்கும் மேல் சூரிய மின் நிலையங்களை அமைத்துள்ளது. எனினும், சுரங்கத்தைப் போலச் சூரிய நிலையம் ஆயிரக்கணக்கானோருக்கு அன்றாட வேலை அளிப்பதில்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக வேலையை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு வெறும் புள்ளிவிவரம் அன்று.

இதை முன்கூட்டியே எண்ணிப்பார்த்த மாநிலம் சார்க்கண்ட். நிலக்கரியையே பெரிதும் நம்பியிருக்கும் அம்மாநிலம், நியாயமான மாற்றத்துக்கு வழி காணும் பணிக்குழு ஒன்றை 2022இல் அமைத்தது. எந்தச் சுரங்கம் எப்போது மூடப்படும், அங்குள்ளோர்க்கு எவ்வேலை கற்பிப்பது, வெறுமையாகும் நிலத்தை என்ன செய்வது என்பவை அத்தகைய குழுவின் முன் நிற்கும் வினாக்கள். மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளும் மாநிலங்களும் அச்செலவில் பங்கேற்க வேண்டுமா என்பது இன்னும் தீராத வினா. தில்லிக் குடியிருப்பில் சுழலும் விசிறியிடம் அதையும் கேட்கலாம்.

சொல்லும் பொருளும்

உமிழ்வு – வெளிவிடப்படுவது
கணவாய் – மலைகளுக்கு இடையே அமைந்த இயற்கை வழி
குதிர் – தானியம் சேர்த்து வைக்கும் பெருங்கலம்
சுழியம் – பூச்சியம்
நிறுவுதிறன் – ஒரு நிலையம் உச்ச அளவில் உற்பத்தி செய்யக்கூடிய திறன்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு

இலக்கணக் குறிப்பு

அறியாப் புகை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
காய்ச்சலும் பாய்ச்சலும் – எண்ணும்மை
சுழலும் விசிறி – பெயரெச்சம்
எரித்து – வினையெச்சம்

கற்பவை கற்றபின்

1. தில்லியின் எல்லைக்குள் இருந்து மூடப்பட்ட அனல் மின் நிலையங்கள் யாவை? (குறுவினா)

2. ‘கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான டன்’ என்னும் அலகு ஏன் தேவைப்படுகிறது? (குறுவினா)

3. காடம்பாறை நீர்த்தேக்கத்தைக் குதிருக்கு ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும்? எவ்விடத்தில் பொருந்தாது? (சிறுவினா)

4. உமிழ்வைக் கணக்கிடும் இரு முறைகளையும் விளக்கி, எது நேர்மையானது என நீங்கள் கருதுகிறீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதுக. பாடத்தில் கூறப்பட்ட கருத்தை நீங்கள் மறுத்தும் எழுதலாம். (நெடுவினா)

5. ‘ஆடிக்காற்றில்’ எனத் தொடங்கும் பழமொழி ஒன்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதன் பொருளை இரண்டு தொடர்களில் எழுதுக.

செயல்பாடு

உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டைப் பெற்றோரின் இசைவுடன் எடுத்து, யூனிட் அளவைக் குறித்துக்கொள்க. பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றின் அளவையும் கேட்டறிந்து, பாடத்தில் காட்டியவாறு உங்கள் குடும்பத்தின் மாதக் கணக்கை எழுதுக. பிறகு, சொந்த ஊரில் உள்ள தாத்தா, பாட்டி அல்லது மாமா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி அவர்களுடைய கணக்கையும் கேட்டு எழுதுக. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மூன்று காரணங்கள் கூறுக. நீங்கள் வாழும் நகருக்கு எந்தெந்த நிலையங்களிலிருந்து மின்சாரம் வருகிறது என்பதைச் சமூக அறிவியல் ஆசிரியரின் துணையுடன் கண்டறிந்து, இந்திய வரைபடத்தில் கோடிட்டுக் காட்டுக.